தவளையின் செவி

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்பு நிலங்களிலே, கோடை இரவுகளிற் பல இனத் தவளைகள் ஒருங்கே ஒலிக்கும். அவ்வாரவாரத்திடையே பச்சை மரத்தவளைப் பெண், தன்னினத்து ஆணின் குரலை நாடிச் செல்லவேண்டும். வழி தவறின் சந்ததி இல்லை.

தவளைக்குச் செவிமடல் கிடையாது; கண்ணின் பின்னே செவிப்பறை மாத்திரமே தோன்றும். தலை சிறிதாகையால், ஒலி இரு செவிகளையும் ஏறக்குறைய ஒரே கணத்தில் எட்டும். பின் திசையை அறிவது எங்ஙனம்?

இரு நடுச்செவிகளும் அகன்ற குழாய்களால் வாயறையோடு தொடர்புற்றுள்ளன. எனவே ஒலி செவிப்பறையை வெளியேயிருந்து தாக்குவதோடு, மறுசெவி வழியே புகுந்து உள்ளிருந்தும் தாக்கும். அவ்விரு அழுத்தங்களின் வேறுபாட்டிற்கேற்பச் செவிப்பறை அதிரும். திசை மாற, அதிர்வும் மாறும். இரு செவிகளையும் ஒப்பிட்டு மூளை திசையைத் துணியும்.

சுவாசப்பையும் துணைபுரிகின்றது. காற்று நிறைந்த சுவாசப்பைகள், பிற இனத்தாரின் குரலுக்குரிய சுருதிகளிற் செவிப்பறையின் அதிர்வைத் தணிக்கின்றனவென 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கேட்கவேண்டியதைக் கேட்பதற்கு, வேண்டாததைக் கேளாதிருத்தலும் வேண்டுமன்றோ?