சாவி கைக்கு வருமுன்...



ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தரகர் முச்சக்கர வண்டியில் முன்னே போகிறார். உங்கள் கணவர் மோட்டார் சைக்கிளில் பின்னே போகிறார். கண்டி நகரை விட்டு ஹந்தானை வீதியில் ஏறி, வளைவுக்கு மேல் வளைவாகக் கடந்து, ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு ளுஹருக்கு முன்பே திரும்பிவிடுகிறார்கள்.

"வீடு எப்படி?" என்று ஆவலோடு கேட்கிறீர்கள்.

"நல்லம். மூன்று அறை. முன்னால் மலை, பனி, நல்ல காற்று. நாளைக்கே அட்வான்ஸ் கொடுக்கணுமாம். பிந்தினால் வேறு ஆள் எடுத்துவிடுமென்று தரகர் நானா சொல்றார்."

"குசினி எப்படி இருந்தது?"

"குசினியா..? இருந்தது."

சிரிப்பு வருகிறதல்லவா? நம்மில் எத்தனையோ வீடுகளில் வாடகை வீடு தேடும் கதை இப்படித்தான் முடிகிறது. அவர் பத்து நிமிடம் பார்த்த வீட்டில் இரவும் பகலும் இருக்கப்போவது நீங்கள். தண்ணீர் வராத நாளில் வாளி தூக்கப்போவதும் நீங்கள். அப்படியிருக்க, அந்த வீட்டைப் பார்ப்பதிலும், அதற்கான பத்திரத்தை வாசிப்பதிலும், அதில் கையொப்பமிடுவதிலும் உங்களுக்குப் பங்கில்லாமல் போவது எந்த வகையில் நியாயம்?

ஹந்தானையில் வீடு தேடுவோர் பல வகையினர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்த்தவர்கள், கண்டி வைத்தியசாலையில் தொழில் புரிவோர், அக்குறணை, மடவளை, கம்பளைப் பக்கங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகக் கண்டிக்கு வருவோர் என்று பலர். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, தனியாகவே வீடு தேடும் சகோதரிகளும் நம்மிடையே உண்டு. அவர்கள் அனைவருக்குமாகவே இந்தக் கட்டுரை.

தரகர் யாருடைய ஆள்?

தரகுத் தொழில் மார்க்கம் அனுமதித்த தொழில். ஸஹீஹுல் புகாரியில் தரகுக் கூலி பற்றித் தனித் தலைப்பே உண்டு. நேர்மையான தரகர் உங்கள் காலையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவார். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். வீடு கைமாறினால்தான் அவருக்குக் கூலி. "இன்றைக்கே முடிக்க வேண்டும்" என்று அவர் அவசரப்படுவது அவருடைய தேவைக்காக. அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன்பே மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் கூலி எவ்வளவு? அதை யார் தருவது, நாங்களா, வீட்டுக்காரரா, இருவருமா? எப்போது தருவது? ஒரு மாத வாடகையோ அதில் பாதியோ கேட்பது பரவலான வழக்கம். எதுவானாலும் பத்திரம் கையொப்பமான பிறகே கொடுங்கள். வீடு காட்டுவதற்கு மட்டும் காசு கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முற்பணத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் இடுங்கள், அல்லது அவர் கையிலேயே கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒரே வீட்டைக் காட்டி இரண்டு மூன்று குடும்பங்களிடம் முற்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள்.

நீங்களே போய்ப் பாருங்கள்

ஹந்தானை அழகான மலைத்தொடர். 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இயங்குவதும் இங்கேதான். நகரிலிருந்து அங்கே நான்கு கிலோமீற்றர் அளவு தூரம். ஆனால் அந்த நான்கு கிலோமீற்றரும் ஏற்றம். பால்மா முடிந்துவிட்டதென்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள், அப்போது தெரியும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை எப்படி வரும்? இரவில் திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் முச்சக்கர வண்டி மேலே வருமா? இவற்றைத் தரகரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேளுங்கள்.

முடிந்தால் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். மலை நிழலில் நிற்கும் வீட்டில் வெயில் பிந்தி வந்து முந்திப் போகும். சுவரின் அடிப்பகுதியைக் கையால் தடவுங்கள். அலுமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்த அறையில் உடுப்பும் கிதாபும் கெட்டுப்போகும். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைக்கோ அது பெரும் சோதனை. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, தாங்கி எவ்வளவு கொள்ளும், மோட்டருக்கு மின்சாரச் செலவு யாருடையது என்று கேளுங்கள். ஆண் விருந்தாளி வந்து ஹோலில் இருந்தால் நீங்கள் குசினிக்கும் குளியலறைக்கும் மறைவாகப் போய்வர வழியுண்டா? துணி காயப்போட இடமுண்டா? இவையெல்லாம் ஆண்களின் கண்ணில் எளிதில் படாதவை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று உண்டு. வீட்டின் பின்னால் போய் மலையைப் பாருங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. மண்சரிவுகளில் எத்தனையோ குடும்பங்கள் உறங்கிய இடத்திலேயே புதைந்தன. செங்குத்தாக வெட்டிய மண் மேட்டின் அடியில் வீடு இருக்கிறதா? தாங்கு சுவரில் தண்ணீர் வடியத் துவாரங்கள் உண்டா? சுவரிலோ முற்றத்திலோ புதிய வெடிப்பு தெரிகிறதா? மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து நிற்கின்றனவா? நேற்று வரை நன்றாக மூடிய கதவு இன்று இறுகுகிறதா? இவை மண் நகர்வதன் அடையாளங்கள். மண்சரிவு அபாய இடங்களை ஆராய்ந்து எச்சரிக்கை விடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அந்த வீடு இருக்கும் இடம் அபாயப் பகுதியா என்று கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எனவே மேலே ஏற ஏற, "இந்த வீட்டுக்குக் கட்டட அனுமதி உண்டா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். வாடகை குறைவாக இருப்பதற்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம்.

வீடு யாருடையது?

சாவி வைத்திருப்பவரெல்லாம் வீட்டுக்காரர் ஆகிவிட மாட்டார். உறுதியின் பிரதியைக் கேளுங்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டிலும் மின்பட்டியலிலும் உள்ள பெயரை அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து, அவருடைய தம்பியோ மருமகனோ கையொப்பமிடுவதானால் அற்றோணித் தத்துவம் இருக்க வேண்டும். வீடு வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கலாம். இதைச் சட்டத்தரணியோ நொத்தாரிசோ செய்து தருவார்கள். அரச வீடமைப்புத் திட்டத்து வீடானால், அதை வாடகைக்குக் கொடுக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். இப்படிக் கேட்பதால் நல்ல வீட்டுக்காரர் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரின் வீடு நமக்கு வேண்டாம்.

எழுத்தும் சாட்சியும்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படியும் சாட்சி வைக்கும்படியும் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. ஆனாலும் நம் மக்கள், "நம்ம ஆள்தானே, எழுத்தெதற்கு?" என்று கேட்டுவிட்டு, பிறகு பள்ளி நிர்வாகத்தின் முன்னால் வழக்கோடு வந்து நிற்கிறார்கள்.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமாக வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் "இரண்டு வருடம்" என்று எழுதி முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்டால், அது இரண்டு வருடக் குத்தகையாகச் சட்டத்தில் நிற்காது. மாதத்துக்கு மாத வாடகையாகவே கொள்ளப்படும். பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது "வீட்டை விடுங்கள்" என்று கடிதம் வந்தால், அந்தப் படிவம் உங்களைக் காப்பாற்றாது. நொத்தாரிசு எழுதிய குத்தகையைக் காணிப் பதிவகத்தில் பதிந்தும் வையுங்கள். இடையில் வீடு விற்கப்பட்டாலும் அது உங்களுக்குப் பாதுகாப்பு.

"குடியிருப்பவரை யாரும் எழுப்ப முடியாது" என்று நம் உம்மம்மா காலத்தவர்கள் சொல்வார்கள். அது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் தந்த தைரியம். 1977, 1980, 2002 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் அதன் எல்லையைச் சுருக்கிவிட்டன. இன்று புதிதாக வாடகைக்கு வரும் வீடுகள் பலவற்றுக்கு அது பொருந்துவதில்லை. தவணை முடிந்த வீட்டை உரிமையாளர் நீதிமன்றத்தின் மூலம் விரைவாக மீளப்பெற 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் வழி செய்திருக்கிறது. ஆனாலும் வீட்டுக்காரர் தானே வந்து பூட்டை மாற்றி உங்கள் சாமான்களை வீதியில் போட முடியாது. அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

முற்பணக் கணக்கையும் தெளிவாக எழுதுங்கள். உதாரணமாக, வாடகை மாதம் 40,000 ரூபா, முற்பணம் 240,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 வீதம் முற்பணத்தில் கழிப்பதென்றால் கையில் கொடுப்பது மாதம் 30,000. வருட முடிவில் கழிந்தது 120,000, திரும்பி வரவேண்டியது 120,000. இந்தக் கணக்கு பத்திரத்தில் இல்லாவிட்டால், "முற்பணமெல்லாம் வாடகையில் கழிந்துவிட்டது" என்ற பதிலை நீங்கள் கேட்க நேரலாம். பெரும் தொகையைக் கொடுத்து வாடகையின்றி இருந்துவிட்டு, முடிவில் தொகையை முழுதாகத் திருப்பி வாங்கும் ஈட்டு முறையும் உண்டு. அதில் வட்டி கலக்கிறதா என்பதை உலமாக்களிடம் கேட்டறியாமல் இறங்காதீர்கள்.

உங்கள் பெயர் எங்கே?

சகோதரியே, இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத இடம் இதுதான். பத்திரத்தை எடுத்து உங்கள் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. கணவரின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

மரணத்துக்குத் தவணை சொல்ல நம்மால் முடியாது. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும், அதுவும் தான் வாழ்ந்த வீட்டில். மையித்தைத் தூக்கிய மூன்றாம் வாரம் வீட்டுக்காரர் வந்து, "நான் அவருக்குத்தான் வீடு கொடுத்தேன்" என்று வாசலில் நின்றால் அந்தப் பெண் எங்கே போவாள்? நிர்ப்பந்தம் வந்தால் வேறிடம் போக மார்க்கம் இடம் தருகிறது. ஆனால் அந்த நிர்ப்பந்தம் இரண்டு வரிகளால் தடுக்கக் கூடியதாக இருந்திருந்தால்?

அந்த இரண்டு வரிகள் இவை. ஒன்று, குத்தகைக்காரர் என்ற இடத்தில் கணவன், மனைவி இருவரின் பெயரும். மற்றது, ஒருவர் மரணித்தாலும் மீதித் தவணைக்குக் குத்தகை தொடரும், முற்பணம் மற்றவருக்கு உரியது என்ற வாசகம். இதைக் கணவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். "எனக்கு ஏதும் ஆகட்டுமென்று பார்க்கிறாயா?" என்று அவர் கேலி செய்யலாம். செய்யட்டும். நொத்தாரிசு முன் நீங்களும் போய் இருங்கள். பத்திரம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் தமிழில் விளக்கிச் சொல்லும்படி கேளுங்கள். விளங்காத பத்திரத்தில் கையொப்பமிட வேண்டாம்.

நம் கடமை

பெயரைக் கேட்டதும், "வீடு போய்விட்டது" என்று சொல்லும் இடங்களும் உண்டு. மனம் நோகத்தான் செய்யும். அதற்கு நாம் தரக்கூடிய நல்ல பதில், கிடைத்த வீட்டை அமானிதமாகப் பேணுவது. குடிபோகும் நாளில் சுவர், கதவு, குழாய், மின்மானி இலக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து, பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிடுங்கள். வாடகையைத் தவணை தவறாமல் கொடுங்கள். அயலவர் எந்த மதத்தவரானாலும் நோன்புக் கஞ்சியில் ஒரு கோப்பை அவர்கள் வீட்டுக்கும் போகட்டும். நாம் விட்டுப்போகும் வீட்டை அடுத்த முஸ்லிம் குடும்பத்துக்கு மனமுவந்து கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தோன்ற வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து நின்றால், அபாயாவை எடுத்து உடுத்துக்கொண்டு நீங்களும் புறப்படுங்கள். குசினியைப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள், வீட்டின் பின்னால் மலையைப் பாருங்கள். பத்திரம் வந்ததும் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். அதற்குப் பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியை வாங்குங்கள். அல்லாஹ் அந்த வீட்டில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரக்கத்தையும் நிம்மதியையும் தருவானாக!