மேட்டில் ஏறிய தடங்கள்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் 1929-இல் இயற்கையியலாளராக, அதாவது நிலத்தையும் உயிரினங்களையும் வருகையாளர்க்கு விளக்கும் அலுவலராகப் பொறுப்பேற்ற எட்வின் மெக்கீ, நிலவியல் பயின்றவராதலால், காட்சியழகை எடுத்துரைப்பதோடு நில்லாமல் பாறை அடுக்குகளின் வரலாற்றையும் ஆராயத் தொடங்கினார். அங்குள்ள கோகோனினோ மணற்கல், ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகி உண்டான பாறை. அதில் பதிந்துள்ள விலங்குகளின் காலடித் தடங்களில் பெரும்பாலானவை மேல்நோக்கியே செல்கின்றன. ஏறிய விலங்கு இறங்காமலா இருந்திருக்கும்? உயிருள்ள பல்லியினங்களைச் சரிவான மணலில் நடக்கவிட்டுப் பார்த்த மெக்கீ, ஏறும்போது தடம் தெளிவாகப் பதிவதையும், இறங்கும்போது சரியும் மணலே அதை மூடிவிடுவதையும் பின்னர் கண்டறிந்தார். பார்ப்போர் எவர்க்கும் எழக்கூடிய ஐயத்தைச் சோதனைக்கு உட்படுத்திய இத்திறமே பூங்கா விளக்குநர்க்கு முதல் தகுதி எனலாம்.