திருச்சிராப்பள்ளியில் பொது மருத்துவ நிதியளிப்பு

பொது மருத்துவ நிதியளிப்பு என்பது சிகிச்சைச் செலவை நோயாளி மட்டும் சுமக்காமல், சமூகம் பகிர்ந்து ஏற்கும் ஏற்பாடு ஆகும். வரி, ஊதியப் பங்களிப்பு, காப்பீட்டுத் தவணை ஆகியன இதன் முக்கிய வழிகளாகும். ஐரோப்பிய நாடுகள் பலவும் இவற்றுள் ஒன்றை முதன்மையாகக் கொண்டு மக்கள் அனைவரையும் உள்ளடக்க முயல்கின்றன. திருச்சிராப்பள்ளியில் மூன்று வழிகளும் ஒருசேர இயங்குகின்றன.

வரி வழி

ஐக்கிய இராச்சியத்தில் 1948 சூலை 5 அன்று தொடங்கிய தேசிய நலச் சேவை பெரும்பாலும் வரிப்பணத்தில் இயங்குகிறது. திருச்சிராப்பள்ளியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் திருவரங்கம் அரசு மருத்துவமனையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கு சிகிச்சை பெற வருமான வரம்பு இல்லை. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது.

ஊதியப் பங்களிப்பு வழி

செருமனியில் பிஸ்மார்க் காலத்தில், 1883 இல், தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இதற்கு நிகரானது 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் ஆகும். பொதுவழக்கில் இது இ.எஸ்.ஐ. எனப்படுகிறது. 2019 சூலையில் இதன் பங்களிப்பு விகிதம் குறைக்கப்பட்டு, முதலாளிக்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளிக்கு 0.75 விழுக்காடு என நிர்ணயிக்கப்பட்டது. மாத ஊதிய வரம்பு 2017 சனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

காப்பீட்டுத் தவணை வழி

சுவிட்சர்லாந்தில் 1996 முதல் ஒவ்வொருவரும் காப்பீடு பெற்றுத் தவணை செலுத்துவது கட்டாயம். தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பங்களுக்கான தவணையை அரசே செலுத்துகிறது. 2009 இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு மாற்றாக 2012 சனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018 இல் இது நடுவண் அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளைப் பெறலாம். இதன் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தின் வழியே பணம் பெறுகின்றன.

இடைவெளி

திருவரங்கத்தில் பூ விற்று மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சொந்தத் தொழில் என்பதால் இ.எஸ்.ஐ. பொருந்தாது. ஆண்டு வருமானம் 1,44,000 ரூபாய் என்பதால், வேறு தகுதி இல்லாதபோது முதலமைச்சர் காப்பீடும் கிடைக்காது. செருமனியில் சொந்தத் தொழில் செய்பவரும் ஏதேனும் ஒரு மருத்துவக் காப்பீட்டில் இருந்தாக வேண்டும். இங்கு அத்தகைய கட்டாயம் இல்லை. எனவே இக்குடும்பத்துக்கு எஞ்சும் பொது வழி அரசு மருத்துவமனை மட்டுமே. அங்கு உரிய சிகிச்சை கிடைக்காவிடில், தனியார் மருத்துவமனைச் செலவு கடனாகவோ நகை அடகாகவோ குடும்பத்தின் மீதே விழும்.

மூன்று வழிகளுள் வருமானமோ வேலையோ கேட்காதது வரி வழி ஒன்றே. ஆகவே காப்பீட்டுத் திட்டங்கள் விரிவடைந்த பின்னரும், அரசு மருத்துவமனைக்கான ஆண்டு நிதி ஒதுக்கீடு முதன்மையானதாகவே உள்ளது.