புறவாசல் களையும் உடம்புக்கு வேலையும்



களை பயிருக்கு எதிரி என்றுதான் இத்தனை நாளும் உங்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். இன்று அதே களையை வைத்து நம் உடம்பைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது குத்துக்கல்வலசையில் என் வீட்டுப் புறவாசல்தான். ஊர் ஊராகப் போய்க் களை எடுக்கச் சொல்கிற ஆளின் வீட்டுப் பின்னாலேயே இடுப்பளவு பார்த்தீனியம்! எனக்கு வேலை என்றால் மோட்டார் சைக்கிள், அதை விட்டால் நாற்காலி. நாற்பத்தைந்து வயதில் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பது தெரிந்தது. டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த நேரம். மழையைச் சாக்காகச் சொல்லிப் பத்து நாள் ஓட்டினேன். பதினோராம் நாள் சாரல் கொஞ்சம் ஓய்ந்ததும் மண்வெட்டியோடு புறவாசலில் இறங்கினேன். கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. அப்போதுதான், நான் எவ்வளவு வேலை மறந்து போயிருக்கிறேன் என்று புரிந்தது.

கண்டக்டரும் டிரைவரும்

லண்டன் நகரத்து மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து, 1953-ல் முடிவை வெளியிட்டார். நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பதே அந்த முடிவு. இருவருக்கும் ஒரே பஸ், ஒரே ரோடு. பெரிய வித்தியாசம் உடம்பு அசைவதில்தான்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தரமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. வேகமாக நடப்பது, மண்ணைக் கொத்துவது, களை பிடுங்குவது, வாருவது எல்லாம் இந்த வகையில் சேரும். அளவை எப்படித் தெரிந்துகொள்வது? வேலை செய்யும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான பதம்.

அறுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் இப்படி வேலை செய்தால் சுமார் 120 கலோரி செலவாகும். ஏறக்குறைய இரண்டு இட்லிக் கணக்கு. அரை மணி களை எடுத்துவிட்டு ஆறு இட்லி சாப்பிட்டால் கணக்கு உதைக்கும், ஜாக்கிரதை!

எப்படிச் செய்வது?

இரண்டு சென்ட் புறவாசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது சுமார் 870 சதுர அடி. இதை ஆறு பாகமாகப் பிரித்தால், நாளுக்குப் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடிதான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஒரு சுற்று முடிவதற்குள் முதல் பாகத்தில் களை மறுபடி இரண்டு இலை விட்டிருக்கும். அந்தப் பருவத்தில் எடுப்பது சுலபம். களை தீர்ந்துபோகுமே என்ற கவலை வேண்டாம், அது தீராது.

முதல் ஐந்து நிமிடம் விளக்குமாற்றால் முற்றம் கூட்டுங்கள். உடம்பு சூடாகும். பிறகு களைக்கொத்தை எடுங்கள். முழங்காலை விறைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் வளைக்காதீர்கள். குத்துக்காலிட்டு உட்காருங்கள். மூட்டு வலிக்காரர்கள் சிறிய பலகையில் உட்காரலாம். அல்லது நீளக் காம்பு போட்ட கொத்தை வைத்து நின்றபடியே வேலை செய்யலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையை மாற்றுங்கள், நிமிர்ந்து நில்லுங்கள்.

கோரையை மேலாக இழுத்தால் தலை அறுந்து கிழங்கு உள்ளே நிற்கும்; மறுபடி முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள். அது தோலில் அரிப்பையும், சிலருக்கு மூச்சிரைப்பையும் உண்டாக்கும். ஆகவே கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். விதை பிடிக்காத மற்றக் களைகளை எருக்குழியில் போடலாம். பண்ணைக்கீரை இருந்தால் சட்டிக்குப் போகட்டும்.

சில எச்சரிக்கைகள்

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இறங்க வேண்டாம். சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருங்கள். நடுக்கமும் வேர்வையும் வந்தால் உடனே வாயில் போடுங்கள். வெறுங்காலோடு நிற்காதீர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சின்ன முள்ளும் பெரிய புண்ணாகிவிடும். இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புதருக்குள் கையை விடுமுன் கம்பால் தட்டுங்கள். பாம்பு கடித்தால் கீறவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இந்த யோசனையைச் சொன்னபோது, வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா சிரித்துவிட்டார். "நாங்க நாள் முச்சூடும் இதத்தானே செய்யுதோம் சார், எங்களுக்கு இடுப்புல்லா போகுது!" என்றார். நியாயம்தான். காலை முதல் குனிந்தே கிடப்பவருக்கு வேண்டியது இன்னும் உழைப்பு அல்ல. நிழல், தண்ணீர், நிமிர்ந்து நிற்க நேரம். அவர்களுக்கு நின்றபடி தள்ளும் களைக்கருவி வாங்கிக் கொடுங்கள். உட்கார்ந்தே பொழுதைப் போக்கும் என் போன்றவர்களுக்குத்தான் இந்த மருந்து.

என் மாத்திரை நின்றுவிடவில்லை. ஆனால் இப்போது அரை மணி வேலைக்கு மூச்சு வாங்குவதில்லை. புறவாசலில் கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன. நாளைக் காலை வெயில் ஏறுமுன் உங்கள் புறவாசலையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அங்கே உங்களுக்கான வேலை தயாராக இருக்கும்.