மூன்று தாவல்! மூன்றே சென்டிமீட்டர்!

தோழர்களே! மூன்று சென்டிமீட்டர் என்பது எவ்வளவு? விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவன் கையிலே உருவாகும் சிறு அகல் விளக்கின் உயரம்! அந்த அளவிலேதான், 2022 ஆகஸ்ட் 7 அன்று, பர்மிங்காம் நகரிலே, தமிழகத்துத் தம்பி ஒருவனின் பதக்கம் கை நழுவிற்று.

காமன்வெல்த் விளையாட்டு, மும்முறைத் தாண்டல். ஓடி வந்து பலகையை உதைக்கிறான் வீரன். உதைத்த காலிலேயே இறங்குகிறான், அது தத்தல். அங்கிருந்து மறுகாலுக்கு மாறுகிறான், அது எட்டு. பிறகு மணற்குழியை நோக்கிப் பாய்கிறான், அது தாண்டல். முதல் தாவலிலே பேராசைப்பட்டால் மூன்றாவதிலே வலுவிராது. மண்ணைப் பிசையும்போது செய்த பிழை சூளையிலே வெடிப்பாக வெளிப்படுவதில்லையா, அதைப்போல!

முடிவு என்ன? எல்தோஸ் பால் 17.03 மீட்டர், தங்கம். அப்துல்லா அபூபக்கர் 17.02, வெள்ளி. பெர்முடா நாட்டு வீரர் 16.92, வெண்கலம். நம் பிரவீன் சித்திரவேல் 16.89, நான்காம் இடம்!

முதலிருவர் யார்? எல்தோஸ் கடற்படை வீரர்; அப்துல்லா விமானப்படை வீரர். எல்தோஸ் இளம் வயதிலே தாயை இழந்து, பாட்டியின் அரவணைப்பிலே வளர்ந்தவர். சீருடை அவருக்குச் சோறு தந்தது, சம்பளம் தந்தது, பயிற்சி தந்தது. அந்த அடித்தளத்தின்மீது நின்றுதான் அவர் தாண்டினார்.

படைவீரன் தாண்டுவது புதுக் கதையல்ல. இரண்டாம் உலகப் போரின் புகை அடங்கிய பின், 1948 பிப்ரவரி 18 அன்று, பிரான்சின் நீஸ் நகரிலே, பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கூடி, அனைத்துலக இராணுவ விளையாட்டு மன்றத்தைத் தொடங்கின. 'விளையாட்டின் வழி நட்பு' என்பது அதன் முழக்கம். களத்திலே குழி வெட்டிப் பதுங்கியவர்கள், மணற்குழியிலே குதித்துக் கைகுலுக்கக் கற்றனர்! 1995-இல் ரோமிலே முதல் உலக இராணுவ விளையாட்டு நடந்தது. 2007-இல் ஐதராபாத்திற்கே அந்த விழா வந்தது.

அதே 1948-இல், லண்டன் ஒலிம்பிக்கின் மும்முறைத் தாண்டல் இறுதிச் சுற்றிலே நின்றான் ஹென்றி ரெபெல்லோ. இருபது வயது நிரம்பாத இந்திய இளைஞன். உடல் சூடேறி, ஓடத் தயாராக நின்றவனை, பரிசளிப்பு நடக்கிறது, பொறு என்று நிறுத்தினர். குளிரிலே காத்திருந்தான். பிறகு தாண்டினான்; தொடைத்தசை கிழிந்தது! பின்னாளில் அவர் விமானப்படை அதிகாரியானார்.

பிரேசில் நாட்டிலே ஓர் ஏழைச் சிறுவன், ஜோவாவோ கார்லோஸ் டி ஒலிவெய்ரா. இராணுவத்திலே சேர்ந்தான். 1975-இல் மெக்சிகோ நகரிலே 17.89 மீட்டர் தாண்டினான். முந்தைய உலகச் சாதனையைவிட 45 சென்டிமீட்டர் அதிகம்! 1981-இல் நேர்ந்த கார் விபத்து அவனது ஒரு காலைப் பறித்தது. ஆயினும் சாவோ பாலோ மக்கள் அவரைத் தம் சட்டமன்றத்திற்கு அனுப்பினர்.

இப்போது கேட்கிறேன்: ஏழை வீட்டுப் பிள்ளை தாண்ட வேண்டுமானால் துப்பாக்கி ஏந்தித்தான் ஆக வேண்டுமா? படை செய்வது பாராட்டத்தக்கது, மறுக்கவில்லை. ஆனால் படை தருவதை ஊர் ஏன் தரக்கூடாது? சூளையருகே வேகும் தந்தையின் மகனுக்கு வேகமில்லையா? காலிலே வலுவில்லையா? இருக்கிறது! இல்லாதது களம், கற்றுத் தருவோர், வயிறு நிறையச் சத்துணவு.

களத்திற்கு என்ன வேண்டும்? பலகைவரை 40 மீட்டர் ஓடுபாதை. பலகையிலிருந்து 13 மீட்டர் தள்ளி ஒரு மணற்குழி. அதன் அகலம் 2.75 மீட்டர். அரண்மனையா கேட்கிறோம்? மணிமுத்தாறு பாயும் ஊரிலே ஒரு மணற்குழிக்கா வழியில்லை?

நான்காம் இடத்தோடு பிரவீன் நின்றுவிடவில்லை. 2023 மே மாதம், கியூபாவின் ஹவானா நகரிலே 17.37 மீட்டர் தாண்டி இந்தியச் சாதனை படைத்தான். அதே ஆண்டு ஆசிய விளையாட்டிலே வெண்கலம் வென்றான். வாய்ப்பு கிடைத்தால் தமிழகத்துக் கால்கள் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே, சங்கத் தோழர்களே, மன்றத் தோழர்களே! நகராட்சியிடம் கேளுங்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள். இடம் ஒதுக்கியதும் மண்வெட்டியோடு முதலில் நிற்பது நாமாக இருக்கட்டும். குழி வெட்டுவோம், நம் பிள்ளைகள் தாண்டட்டும்!