செண்பகனூர் அருங்காட்சியகம் புகட்டும் பாடம்

முன்னாளில் சென்னைப் பட்டணம் போய் வந்தவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வது வழக்கம். பாடம் செய்த பறவையையும் புட்டியில் கிடக்கும் பாம்பையும் பார்ப்பதால் என்ன பயன் என்று நம்மில் சிலரும் எண்ணக்கூடும். இதற்கு விடை காணச் சென்னை வரை செல்ல வேண்டியதில்லை. மதுரைக்கு அப்பால் உள்ள பழனி மலையிலேயே விடை இருக்கிறது.

கொடைக்கானலை அடுத்துள்ள சிற்றூர் செண்பகனூர். இங்கு 1895ஆம் ஆண்டில் இயேசு சபையார், குருத்துவ மாணவர்களுக்காகத் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அங்கிருந்த குருக்களில் சிலர் ஓய்வு நேரங்களில் சோலைகளிலும் புல்வெளிகளிலும் நடந்து, தாம் கண்டவற்றைச் சேகரித்தனர். அருட்தந்தை எமில் கோம்பேர் மரக்கிளைகளில் தொற்றி வளரும் ஆர்க்கிடு செடிகளைத் தேடித் திரட்டினார். அருட்தந்தை லூயி அங்ளாட் மலைச் செடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். பழனி மலையிலுள்ள பழங்காலக் கல்திட்டைகளைப் பற்றி அருட்தந்தை நியூட்டனுடன் அவர் எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. இத்தகையோர் உழைப்பால் விலங்கு, பறவை, பாம்பு, பூச்சி, செடி அனைத்தும் கொண்ட அருங்காட்சியகம் உருவாயிற்று.

இப்பணியைப் பின்னர் விரிவுபடுத்தியவர் அருட்தந்தை கே. எம். மத்தேயு. 1967இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவர நிலையத்தை அவர் தொடங்கினார். 1969இல், கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த செடிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1999இல் வெளிவந்தது. 2004இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

சரி, காய்ந்த செடிக்கு அப்படி என்ன மதிப்பு? மதிப்பு செடியில் மட்டுமன்று, அதனுடன் ஒட்டிய சிறு சீட்டிலும் இருக்கிறது. செடியின் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை அச்சீட்டில் இருக்கும். “இன்ன நாளில் இந்த இடத்தில் இச்செடி வாழ்ந்தது” என்று அது சாட்சி சொல்லும். சீட்டு இல்லையேல் அது வெறும் சருகே!

இச்சாட்சி ஏன் தேவை? பழனி மலையில் சீகை, யூக்கலிப்டஸ் போன்ற அயல்நாட்டு மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. 1973க்கும் 2014க்கும் இடையே அம்மலையின் இயற்கைப் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு கூறுகிறது. படம் புல்வெளியின் பரப்பைக் காட்டும். அங்கே எந்தெந்தச் செடி இருந்தது என்பதைப் பழைய சீட்டுகளே காட்டும்.

மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த பறக்க இயலாத டோடோ பறவை 17ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று. இன்று உலகில் அப்பறவையின் தோல் எஞ்சியிருப்பது இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் மட்டுமே. அதுவும் ஒரு தலையும் ஒரு காலுமே. அவையும் காக்கப்படாதிருந்தால்?

இனி நம் ஊருக்கு வருவோம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலையே காண்கிறோம். அது அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. விறகும் கரியும் தந்து பல ஏழைக் குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது உண்மை. ஆனால், அது அடர்ந்த இடங்களில் முன்பு நின்றவை எவை? குடைபோல் விரிந்த உடைமரம், நாட்டுக் கருவேல், இலந்தை, ஆவாரை, துத்தி, தும்பை என்று நம் பாட்டிமார் அடுக்குவார்கள். எந்தக் கண்மாய்க் கரையில் எது நின்றது என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. எழுதி வைக்காவிட்டால் அந்நினைவும் அவர்களோடு போய்விடும் அல்லவா?

மாணவிகளே, இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பூவோடு கூடிய சிறு கிளையைப் பழைய செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி, மேலே கனமான பலகையோ கல்லோ வைக்க வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். நன்கு காய்ந்ததும் தடித்த தாளில் ஒட்டி, நம் ஊரில் வழங்கும் பெயர், இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். ஓரிடத்தில் ஒரே ஒரு செடி நின்றால் அதைப் பறிக்காமல், படமாக வரைந்துகொள்வதே முறை.

பெற்றோர்களே, பிள்ளைகள் செடியின் பெயர் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியிடம் அழைத்துச் சென்று கேட்கச் செய்யுங்கள். ஆண்டுக்கு இருபது தாள்கள் சேர்ந்தாலும் பத்தாண்டில் இருநூறு ஆகும். கரிசலும் செவலும் கலந்த இப்பூமியில் இறைவன் படைத்தவற்றுக்கு நம் பள்ளி அலமாரி ஒன்றே சாட்சியாக விளங்கும். செண்பகனூரில் நடந்ததும் இதுவே: நடந்தார்கள், பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள். நாமும் செய்வோம்.