சக்கரத்துக்கு ஒரு தட்டு

ஸ்போர்ட்ஸ் கார்ப் பிரியர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு: சக்கரங்கள் மட்கார்டுக்குள் பதுங்கிக் கிடக்கின்றனவே என்று! அதைத் தீர்க்க வந்ததுதான் 'ஸ்பேஸர்' என்னும் அலுமினியத் தட்டு. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைத்தால், தட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு சக்கரம் வெளியே வரும்.

1989-ல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரைப் பார்ப்போம். அதில் நான்கு ஸ்டட்டுகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், நடுத்துவாரம் 54.1. மூன்றும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். துவாரம் பெரிதானால் சக்கரம் நடுவில் உட்காராது, ஸ்டீயரிங் உதறும்.

உயிர் நிற்பதோ மரையில்! 5 மில்லிமீட்டர்த் தட்டு மூன்று சுற்று மரைக்கு மேல் விழுங்கிவிடும். நட்டு எட்டுச் சுற்றாவது ஏறாவிட்டால், நீளமான ஸ்டட்டு போட்டே ஆகவேண்டும். கனத்த தட்டுகளுக்குச் சொந்த ஸ்டட்டுகளே உண்டு.

ஹப்பிலுள்ள துருவைச் சுரண்டிவிட்டுத் தட்டை வையுங்கள். நட்டுகளை எதிரெதிராக, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்பானரால் முடுக்குங்கள். 80 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதியுங்கள். திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் கவனியுங்கள். தட்டின் கனம் கூடக்கூடப் பேரிங்குக்குப் பாரமும் கூடும்.

சக்கரம் அழகாகத் தெரிய வேண்டியதுதான். ஆனால் அது காரோடு கூடவே வரவேண்டாமா?